ஒன்றரை மீட்டர்

அரக்கோணத்துக்குக் கடல் எழுபது கிலோமீட்டர் தள்ளி.
இருந்தும் எங்கள் அலுவலகச் சுவரில் நங்கூரம்.
ஷேர் ஆட்டோவில் தளத்துக்குப் போகும் வெள்ளைச் சீருடைகளின் மேல்
செங்கல் சூளைப் புகை படிகிறது.
நான் கணக்குப் பிரிவு.
கடலில் கால் நனைத்தது இரண்டே முறை,
இரண்டும் திதி கொடுக்க.

மார்ச் கடைசியில் மேசைக்கு வந்தது அந்தக் கோப்பு.
நீருக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில்
மணிக்கு நானூறு கிலோமீட்டர் போகும் ஒன்று.
பறக்கிறது என்றால் அரைப் பொய்,
மிதக்கிறது என்றால் மீதி அரை.
இறக்கைக்கும் நீருக்கும் நடுவே சிக்கிய காற்றின் மேல்
எண்ணெய் விட்ட கல்லில் தோசை சறுக்குவதுபோல்
என்று விளக்கினார் லெப்டினன்ட் கமாண்டர் தேபாஷிஷ்.
தோசையை அவருக்கு மூன்று வருடமாகத்தான் தெரியும்.

இது கப்பலா, விமானமா, கேட்டேன்.
கப்பலுக்கு ஒரு தலைப்பு, விமானத்துக்கு வேறு.
ஓட்டுகிறவருக்குப் பறக்கும் படியா, கடல் படியா?
அவர் சிரித்தார்.
இரண்டு தலைப்பிலும் கேட்பார்கள், எனக்குத் தெரியும்.

பயன் நான்கு பக்கம்.
ரேடாருக்குக் கீழே, டார்பிடோவுக்கு மேலே,
கண்ணிவெடிக்கு எட்டாத உயரத்தில்
நூற்றைம்பது வீரர்களை
இருட்டோடு இருட்டாகத் தீவில் இறக்கிவிட்டு
விடிவதற்குள் திரும்பிவிடும்.
படிக்கப் படிக்க
எனக்கே ஒன்று வாங்கலாம் போலிருந்தது.

செலவு ஒன்றரைப் பக்கம்.
எழும்ப எட்டு எஞ்சின், எழும்பியபின் இரண்டு போதும்.
மீதி ஆறையும் சுமந்துகொண்டே போகவேண்டும்,
கல்யாணத்தன்று பந்தி பரிமாறிய மச்சான்களை
ஆயுளுக்கும் வீட்டில் வைத்துச் சோறு போடுவதுபோல.
ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீர்க் குளியல்,
இல்லையென்றால் உப்பு டர்பைனைத் தின்னும்.
திரும்ப வேண்டுமானால் மைல் கணக்கில் வட்டம்;
சட்டென்று சாய்ந்தால் இறக்கை நுனியை அலை பிடித்துக்கொள்ளும்.

"மேலேர்ந்து பாத்தா அவ்ளோதான் சார்,
நுரையில கோடு போட்டு
அதோட அட்ரஸ அதுவே எழுதிக்கினு போவும்."
இது கோப்பில் இல்லை.
டீக்கடையில் ஹெலிகாப்டர் மெக்கானிக் நாதமுனி சொன்னது.

ஆட்கள் பதினான்கு என்ற வரிக்கு எதிரே
சம்பளம் மட்டும் இருந்தது.
வெகுநேரம் பார்த்தேன்.
அந்தப் படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பாக்கம் ஏரிக்கு
மீன் வாங்கப் போனவன் மதகின் மேல் நின்றுவிட்டேன்.
கூழைக்கடா ஒன்று சிறகை விரித்தது விரித்தபடி
தன் நிழலைத் தொட்டும் தொடாமலும்
பாதி ஏரியைக் கடந்தது.
நான்கு பக்கத்தையும்
காசில்லாமல் படித்துக் காட்டியது எனக்கு.

அப்போது மேற்கிலிருந்து காற்று.
ஏரி முழுக்கச் சொரசொரத்தது.
பறவை நாலு முறை சிறகடித்தது,
மேலே போய்விட்டது.
"கெளுத்தியா, ஜிலேபியா? வெட்டிக் குடுக்கட்டா?"
என்றார் முனிரத்தினம், தராசைத் தூக்கியபடி.

திங்கள் காலை பச்சை மையில் ஒரே வரி எழுதினேன்:
அலை ஒன்றரை மீட்டருக்கு மேல் எழும் நாட்களில்
இந்த ஊர்தி என்ன செய்யும்?

தில்லி, விசாகப்பட்டினம், மறுபடி தில்லி.
ஏழு மாதம்.
ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப்பாதை முழுகிய வாரம்
மூன்று கையெழுத்தோடு பதில் வந்தது:
துறைமுகத்தில் நிற்கும்.

வங்கக் கடலின் அலைப் பதிவேட்டை வரவழைத்து
நிற்கும் நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.
ஜூன் தாண்டுவதற்குள் விரல்கள் போதவில்லை.

நிற்பதற்கும் விலை இருக்கிறது.
தார்ப்பாய், காவல், நல்ல தண்ணீர் லாரி,
சும்மா இருக்கும் எட்டு எஞ்சினுக்கு வாரம் ஒரு முறை சூடு,
கரையில் சீட்டாடும் பதினான்கு பேருக்குப் படி.
புதுத் தாள் எடுத்து
தலைப்பு எழுதினேன்: நிற்றல்.

கப்பலா, விமானமா என்று
இந்த முறை கேட்கவில்லை.